பழைய பெட்ரோல் அம்பாசடரில் ஹீட் மீட்டர் முள் சிவப்பைத் தொடுகிறது. ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

உங்களிடம் இருப்பது 1970-களின் அம்பாசடர். முள் சில நாள் சிவப்புக் கோடு வரை ஏறுகிறது, சில நாள் அடியிலேயே படுத்துக் கிடக்கிறது. ரேடியேட்டரை மாற்றிவிட்டு, தெர்மோஸ்டாட்டைக் (என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றிப் போட்டுவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். என் பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். உண்மையிலேயே சூடாகும் என்ஜின் நாள் பார்த்துச் சூடாவதில்லை. நீங்கள் சொல்லும் போக்கைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் மீட்டர் மீதுதான்.

எங்கள் வீட்டிலும் அதே 1489 சிசி என்ஜின் கொண்ட அம்பாசடர் ஒன்று இருக்கிறது. பகலில் ஒழுங்காக நிற்கும் முள், இரவில் ஹெட்லைட் போட்டதும் மேலே ஏறும். விளக்குக்கும் என்ஜின் சூட்டுக்கும் என்ன தொடர்பு? டாஷ்போர்டின் எர்த் கம்பி துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் முள் அடங்கியது. எனவே வண்டியைக் கழற்றும் முன், சூடு உண்மையா என்பதை முடிவு செய்யுங்கள்.

அதற்கு ஓர் அகச்சிவப்பு வெப்பமானி போதும். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு தெர்மோஸ்டாட் கூட்டின் மீது பிடித்துப் பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். ஆகவே அந்த இடத்தில் மங்கலான கறுப்பு பெயின்டை ஒரு பொட்டு வைத்துவிட்டு அளந்து பாருங்கள். அங்கே 80 முதல் 90 டிகிரி வரை இருந்து, முள் சிவப்பில் நின்றால், குற்றவாளி மீட்டர்.

மீட்டர் எந்த வகை என்று பாருங்கள். இத்தனை வருடங்களில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும். மீட்டரிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று சிலிண்டர் ஹெட் வரை ஓடினால் அது கம்பி இல்லாத பழைய வகை. குழாயின் நுனியில் உள்ள குமிழில் ஆவியாகும் திரவம் இருக்கும்; குழாய் எங்காவது ஒடிந்து அது வெளியேறிவிட்டால் முள் எழவே எழாது. குமிழைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் விட்டால் உண்மை தெரிந்துவிடும்.

ஒற்றைக் கம்பி ஓடினால் மின்சார வகை. சாவியைப் போட்டுவிட்டு, சென்சாரிலிருந்து அந்தக் கம்பியைக் கழற்றுங்கள். முள் குளிர்ந்த பக்கம் இறங்க வேண்டும். பிறகு கம்பி நுனியை என்ஜின் உலோகத்தில் தொடுங்கள். முள் மெதுவாக ஏறும், பாதியைத் தாண்டியதும் எடுத்துவிடுங்கள். இரண்டும் நடந்தால் மீட்டரும் கம்பியும் நலம், சென்சாரைத்தான் சந்தேகிக்க வேண்டும். சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றியிருந்தால் எர்த் கிடைக்காமல் முள் படுத்துவிடும். இன்னொன்று: பெட்ரோல் மீட்டரும் ஹீட் மீட்டரும் சேர்ந்தே அதிகமாகக் காட்டினால், டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். அது சராசரியாக 10 வோல்ட் கொடுக்க வேண்டியது. அதன் எர்த் விட்டுப்போனால் பேட்டரியின் முழு வோல்டேஜும் இரண்டு மீட்டருக்கும் போய்விடும்.

இதில் ஆபத்தான ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முள் அடியில் கிடந்தால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் குறைந்து சென்சார் வெற்றிடத்தில் நின்றுவிட்டால், என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே மீட்டர் குளிர்ச்சி என்று சொல்லும். ஓடிக்கொண்டிருக்கையில் முள் சட்டென்று விழுந்தால் உடனே ஓரம் கட்டுங்கள். என்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.

சூடு உண்மைதான் என்று தெரிந்தால், அடுத்த கேள்வி எப்போது சூடாகிறது என்பது. நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்று போதவில்லை: தளர்ந்த ஃபேன் பெல்ட், மண் அடைத்த ரேடியேட்டர் தகடுகள். நெடுஞ்சாலை வேகத்தில் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: உள்ளே உப்புப் படிந்த ரேடியேட்டர், அல்லது பம்ப் உறிஞ்சும்போது சப்பையாகும் கீழ் ஹோஸ். ஒருவரை ஆக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொல்லிவிட்டு, மின்விசிறிக்கு எட்டாமல் நின்று அந்த ஹோஸைப் பாருங்கள். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும், அதாவது தீப்பொறி தாமதமாக விழுந்தாலும், என்ஜின் சூடாகும். டிஸ்ட்ரிபியூட்டரில் அந்த நேரத்தை முன்தள்ளும் வேக்குவம் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறதா என்பதை ரேடியேட்டரைத் தொடும் முன் பார்க்கலாம். என்ஜின் பிளாக்கின் பின்பக்க வடிகுழாயைத் திறந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் அங்கே சேறு உறைந்திருக்கிறது. கம்பியால் குத்தி, பலமுறை அலசுங்கள். பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரை வருடக்கணக்கில் ஊற்றிய வண்டிகளில் இது சகஜம். மூடியைத் திறந்து வைத்துக் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் குமிழிகள் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். அது வேறு கதை, தள்ளிப்போடக் கூடாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் ஊறிப்போனது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. என்ஜின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும், அதுவரை சிலிண்டர் தேய்மானமும் பெட்ரோல் செலவும் கூடும். உண்மையான கோளாறும் மறைந்துகொள்ளும். கழற்றி, வெப்பமானியோடு ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுங்கள். அதில் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்கினால் அப்படியே திரும்ப மாட்டுங்கள். திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள். 82 டிகிரி என்பது வழக்கமான அளவு. நம் வெயிலுக்கு 74 டிகிரியும் பொருந்தும்.

ஊட்டிக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைத் தடுப்பது ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான். 7 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தம் தாங்கும் மூடி கொதிநிலையைப் பத்து டிகிரிக்கு மேல் உயர்த்தும். அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மலை ஏறும்போது கொதித்து வழியும். எனவே பயணத்துக்கு முன் மூடியை மாற்றிவிடுங்கள். பழைய மூடியில் என்ன அளவு அச்சிட்டிருக்கிறதோ அதே அளவு போதும். கூடுதல் அழுத்த மூடியைப் போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்று விட்டுப்போகும்.