6 லட்சம் கைல இருக்கு, 12 பொண்ணுங்களோட பி.எட் ஃபீஸ் கட்டிடலாமா?

கேள்வி: சார், நாங்க மும்பை தாராவில 90 ஃபீட் ரோடு பக்கம் இருக்கோம். இங்க ஒரு ரூம்ல சாயங்காலம் கஷ்டப்பட்ட வீட்டு பசங்களுக்கு ஃப்ரீ டியூஷன் நடக்குது, சொல்லிக் குடுக்கிறது எல்லாம் டிகிரி முடிச்ச ஏரியா பொண்ணுங்கதான். அவங்க பி.எட் படிக்க எங்க அப்பா பேர்ல ஸ்காலர்ஷிப் தரலாம்னு இருக்கேன். என் பணம் 4 லட்சம், ஃப்ரெண்ட்ஸ் போட்டது 2 லட்சம், எல்லாம் என் சேவிங்ஸ் அக்கவுண்ட்லதான் இருக்கு. மாசம் 500 தர 40 பேர் ஒத்துக்கிட்டாங்க. ஃபீஸ் வருஷத்துக்கு 40,000, இந்த வருஷமே 12 பேரை எடுக்கலாமா? ட்ரஸ்ட் ஆரம்பிக்கணுமா? கோஆபரேட்டிவ் பேங்க்ல 8.5% தர்றாங்களே, அதுல மொத்தமா போட்டுடவா? சிங்கப்பூர்ல இருக்கிற அத்தானும் பணம் அனுப்பறேங்கிறார்.

பதில்: மேடம், ட்ரஸ்ட் கதைக்கு அப்புறம் வர்றேன், முதல்ல அந்த 12ங்கிற நம்பரை பாக்கலாம், எனக்கு அதுதான் உதைக்குது. பி.எட் ரெண்டு வருஷம். 12 பேருக்கு முதல் வருஷமே 4.8 லட்சம் போயிடும், மீதி 1.2 லட்சம். 40 பேரும் ஒரு மாசம் விடாம 500 போட்டா வருஷத்துக்கு 2.4 லட்சம், ஆக மொத்தம் 3.6. ஆனா ரெண்டாவது வருஷ ஃபீஸ் மறுபடியும் 4.8 லட்சம். 1.2 லட்சம் துண்டு விழுது, அதுவும் எல்லாரும் ஒழுங்கா குடுத்தா. முதல் ஆறு மாசம் குரூப்ல ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டா வந்து விழும், தீபாவளி தாண்டினா நீங்கதான் "அண்ணே இந்த மாசம்..."னு ஒவ்வொருத்தருக்கா மெசேஜ் போட்டுட்டு இருப்பீங்க. பாதில ஃபீஸ் நின்னா அந்த பொண்ணு வட்டிக்கு வாங்கித்தான் படிப்பை முடிக்கணும், அதுக்கு நாம ஆரம்பத்துலயே எடுக்காம இருந்திருக்கலாம்.

அதனால ஒரு பொண்ணை செலக்ட் பண்ற அன்னைக்கே அவளோட ரெண்டு வருஷ பணம் 80,000ஐ தனியா எடுத்து வச்சிடுங்க, அதை வேற எதுக்கும் தொடாதீங்க. இந்தக் கணக்குல வருஷத்துக்கு 4 பேர். இந்த வருஷம் 3.2 லட்சம் ஒதுக்கினா 2.8 மிச்சம், சந்தா 2.4 சேர்ந்தா அடுத்த வருஷத்துக்கு 5.2, அதுல 3.2 போனாலும் இன்னும் 2 லட்சம் நிக்குது, இப்படியே நாலு பேட்ச் வரைக்கும் தாங்கும். முதலை தொடாம வட்டில மட்டும் நடத்தலாம்னு யாராவது சொல்வாங்க, 6 லட்சத்துக்கு 7% வட்டின்னா 42,000, ஒரே ஒரு பொண்ணோட ஒரு வருஷ ஃபீஸ்தான் தேறும். வேண்டாம், முதலையும் சேர்த்தே செலவு பண்ணுங்க.

எடுக்கிறதுக்கு முன்னாடி மகாடிபிடி போர்ட்டல்ல (மகாராஷ்டிரா அரசோட ஸ்காலர்ஷிப் வெப்சைட்) அந்த பொண்ணுக்கு கவர்மெண்ட் ஸ்காலர்ஷிப் வருமான்னு பாத்துடுங்க. நம்ம ஊர்ல இருந்து வந்த எஸ்சி குடும்பங்களுக்கு இதுல ஒரு பெரிய சிக்கல் உண்டு, 1950 ஆகஸ்ட் 10க்கு முன்னாடியே குடும்பம் மகாராஷ்டிரால இருந்ததுக்கு பேப்பர் கேப்பாங்க, தாத்தா அதுக்கப்புறம் திருநெல்வேலில இருந்து வந்திருந்தா இங்க பிறந்து வளர்ந்த பொண்ணுக்கும் மகாராஷ்டிரா எஸ்சி சலுகை கிடைக்கிறது கஷ்டம். இந்த மாதிரி ரெண்டு பக்கமும் கிடைக்காம மாட்டிக்கிட்டவங்களுக்குத்தான் உங்க பணம் முதல்ல போகணும்னு நான் சொல்வேன்.

இப்ப டாக்ஸ். (2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம், செக்ஷன் நம்பர் எல்லாம் மாறிடுச்சு, நான் பழகின பேர்லயே சொல்றேன்.) உங்க 4 லட்சத்துக்கு பிரச்சனை இல்ல. ஃப்ரெண்ட்ஸோட 2 லட்சம்தான் தொல்லை. சொந்தக்காரங்க அல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு வருஷத்துல மொத்தம் 50,000க்கு மேல வந்தா, முழுத் தொகையும் உங்க வருமானமா பாக்க சட்டத்துல இடம் இருக்கு. "இது என் பணம் இல்ல, பசங்களுக்காக வச்சிருக்கேன்"னு வாதாடலாம்தான், ஆனா கைல வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும் இருந்தா அந்த வாதம் எவ்வளவு தூரம் நிக்கும்? மாச சந்தாவையும் இதே அக்கவுண்ட்ல வாங்க ஆரம்பிக்காதீங்க.

அதுக்காக நீங்களே ட்ரஸ்ட் ஆரம்பிங்கன்னு சொல்லல. வொர்லில சாரிட்டி கமிஷனர் ஆபீஸ்ல ரெஜிஸ்டர் பண்றது ஒரு நாள் கூத்து, அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஆடிட், ரிட்டர்ன், ட்ரஸ்டி ஒருத்தர் மாறினா 90 நாளைக்குள்ள சேஞ்ச் ரிப்போர்ட், 80ஜி (நன்கொடை தர்றவங்களுக்கு வரிக் கழிவு கிடைக்க ட்ரஸ்ட் வாங்குற அனுமதி) இருந்தா மே 31க்குள்ள டோனர் லிஸ்ட் ஏத்தணும், லேட்டானா நாளுக்கு 200 ரூபா. வருஷத்துக்கு ஒரு பொண்ணோட ஃபீஸ் ஆடிட்டருக்கே போயிடும். 80ஜி-க்காகத்தான் ட்ரஸ்ட்டுன்னா இன்னொண்ணும் கேளுங்க, புது டாக்ஸ் ரெஜீம்ல இருக்கிறவங்களுக்கு அந்தக் கழிவே கிடையாது, உங்க 40 பேர்ல எத்தனை பேர் இன்னும் பழைய ரெஜீம்ல இருக்காங்க?

12ஏ (ட்ரஸ்ட்டோட வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி ரெண்டும் உள்ள, கணக்கை ஒளிக்காம காட்டுற ஒரு ட்ரஸ்ட்டை பிடிச்சு அதுக்குள்ள அப்பா பேர்ல தனி ஃபண்டா நடத்துங்க, தனி லெட்ஜர், செலக்ஷன் கமிட்டில நீங்களும் ஒருத்தர். பணம் குடுக்கிற லெட்டர்ல "கார்ப்பஸ்"னு (தொடாம வைக்கிற முதல்) மட்டும் எழுதிடாதீங்க, எழுதினா முதலை எடுத்து ஃபீஸ் கட்டறது சிக்கலாயிடும், "பி.எட் ஸ்காலர்ஷிப் செலவுக்கு"ன்னே எழுதுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு செலவாகப் போற பணம்னு அவங்க ஆடிட்டருக்கும் முன்கூட்டியே தெரியணும், ட்ரஸ்ட் வருமானத்துல 85% அந்தந்த வருஷமே செலவாகணும்னு ரூல் இருக்கு, தள்ளி வைக்க ஃபார்ம் போடணும். ஃபீஸ் நேரா காலேஜ் அக்கவுண்ட்டுக்கே போகட்டும், ரசீது பொண்ணு பேர்ல.

டியூஷன் எடுத்தாத்தான் ஸ்காலர்ஷிப்னு கண்டிஷன் போடாதீங்க. படிப்புச் செலவுக்கு தர்ற ஸ்காலர்ஷிப்புக்கு வரி இல்ல, வேலைக்கு தர்றதுன்னா அது சம்பளம், ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பினா கணக்கும் குழம்பும், எக்ஸாம் நேரத்துல அந்த பொண்ணும் திண்டாடும். டியூஷனுக்கு தனியா ஏதாவது தரணும்னா தனியா தாங்க.

8.5% கோஆபரேட்டிவ் பேங்க்ல மொத்தமா போடவே வேண்டாம். டெபாசிட் இன்சூரன்ஸ் ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான், உங்க பேர்ல அங்க வேற டெபாசிட் இருந்தா அதுவும் இதுக்குள்ளயே அடக்கம். 2019ல பிஎம்சி கோஆபரேட்டிவ் பேங்க்ல முதல்ல 1,000 ரூபாதான் எடுக்க விட்டாங்க, மும்பைல யாரும் மறந்திருக்க மாட்டாங்க. இந்த வருஷ ஃபீஸ் சேவிங்ஸ்ல, அடுத்த வருஷத்தோடது பெரிய பேங்க்ல ஒரு வருஷ எஃப்டில, அது போதும்.

அத்தான் இன்னும் இந்தியன் பாஸ்போர்ட்டா? அப்ப அவரோட சொந்த அக்கவுண்ட்ல இருந்து நேரா ட்ரஸ்ட்டுக்கு அனுப்பலாம். சிங்கப்பூர் சிட்டிசன் ஆயிட்டார்னா அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை வாங்க மத்திய அரசு தர்ற அனுமதி) இல்லாத ட்ரஸ்ட் ஒரு ரூபா கூட வாங்கக் கூடாது. உங்க அக்கவுண்ட்ல வாங்கி ட்ரஸ்ட்டுக்கு தள்ளிடலாம்னு யாராவது ஐடியா குடுப்பாங்க, அந்தப் பக்கமே போகாதீங்க.