முட்டைக்குள் சேவலைத் தேடும் கேமரா

கேள்வி: அம்பத்தூரில் மின்னணுப் பொறியாளராக இருக்கிறேன். முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடுவதாகப் படித்தேன். அடையில் இருக்கும் முட்டையை உடைக்காமல், கேமராவால் சேவலா பெட்டையா என்று அறியும் மலிவான கருவி செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆசை நல்லது. ஆனால் அதற்குக் கேமரா உதவாது.

முட்டைக்கோழி இனத்துச் சேவல் முட்டையும் இடாது, கறிக்கும் தேறாது. தப்பிப் பிழைப்பவைதான் நம் தெருவோரத்தில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் பூசி அட்டைப்பெட்டியில் விற்கப்படுகின்றன. 2022 முதல் ஜெர்மனியில் குஞ்சுகளைக் கொல்லத் தடை. அங்கே வந்த கருவிகளில் ஒன்று, அடைவைத்த 13ஆம் நாளில் முட்டைக்குள் ஒளி பாய்ச்சி இறகின் நிறத்தைப் பார்க்கிறது. பழுப்பு முட்டையிடும் கலப்பினங்களில் பெட்டை பழுப்பாகவும் சேவல் வெளிறியும் இருப்பதால் அது செல்லும். நாமக்கல்லிலிருந்து நமக்கு வருவதோ பெரும்பாலும் வெள்ளைக் கோழியின் முட்டை. இரண்டு குஞ்சும் ஒரே மஞ்சள். உங்கள் கேமரா எதைப் பார்க்கும்? ஓட்டில் லேசரால் துளையிட்டு, ஒரு துளி திரவம் எடுத்து ஹார்மோனைச் சோதிக்கும் முறையும் உண்டு. அது மொட்டைமாடியில் நடக்கிற வேலையன்று.

உங்கள் கைக்கு எட்டுகிற சிக்கல் வேறு. கூண்டுக் கோழிக்குக் கிடைப்பது ஒரு ஏ4 தாளைவிடச் சிறிய இடம். கூண்டைக் கைவிட்டு, தரையில் உமி, மரத்தூள் பரப்பி வளர்க்கும் ஆழ்கூளத்துக்கு மாறும் பண்ணையாளரைச் சலிப்படையச் செய்வது தரை முட்டை. முட்டையிட வைத்த பெட்டி காலியாக இருக்க, கோழி இருட்டு மூலையில் போய் இட்டுவைக்கும். அழுக்கான முட்டையை யார் வாங்குவார்? எந்த மூலை என்று கேமரா காட்டிக்கொடுத்தால் அங்கே ஒரு விளக்கு வைத்து, பெட்டிக்குள் இருட்டாக விட்டால் போதும். கேமராவுக்கு ஏற்ற வேலை இதுதான்.

கூடவே அம்மோனியா உணரி ஒன்றையும் மாட்டுங்கள், உங்கள் மூக்கு உயரத்தில் அல்ல, கோழியின் தலை உயரத்தில். வாடை கிளம்புவது கூளத்திலிருந்து. நின்றபடி பார்ப்பவருக்குக் கொட்டகை நன்றாகத்தான் தோன்றும்.

மாதவரத்தில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியியல் துறையினரிடம் முதலில் பேசுங்கள். பிறகு ஏதாவது ஒரு பண்ணைக்கு வெறுங்கையோடு போய், விடிந்ததிலிருந்து பத்து மணிவரை உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலான முட்டைகள் அதற்குள் வந்துவிடும்.