இன்சுலின் போடும் மாமியாரோடு கோடையில் ஒரு கார்ப் பயணம்

கேள்வி: தொண்டியில் வசிக்கிறோம். மே மாத விடுமுறையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி வரை குடும்பத்தோடு காரில் சென்று வர எண்ணியிருக்கிறோம். என் மாமியாருக்கு 67 வயது. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் இன்சுலின் போடுகிறார். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார். 7 வயது மகனுக்கு வண்டியில் ஏறினாலே வாந்தி. என்னென்ன மருந்துகளைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்?

பதில்: மருந்துகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அம்மா. அதற்கு முன்பு, வழியில் உங்கள் மாமியார் எந்தெந்த இடங்களில் இறங்கிச் சிறுநீர் கழிக்கப் போகிறார் என்பதைத் தீர்மானித்துவிடுங்கள். இது சின்ன விஷயம் இல்லை. தேவிபட்டினம், இராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று நீளும் அந்தச் சாலையில் ஓர் ஊரைத் தாண்டினால் அடுத்த ஊர் வரும்வரை பெரும்பாலும் கருவேலங்காடும் பனைமரமும்தான். ஆண்கள் எங்காவது ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள். வயதான பெண்களோ, வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, விடியற்காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை விட்டுவிடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கத்திரி வெயில் நாளொன்றில், ஏறத்தாழ உங்கள் மாமியாரின் வயதுள்ள ஒரு தாயைக் காரிலிருந்து தூக்கிக்கொண்டு சிகிச்சைக்காக என்னிடம் வந்தார்கள். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியிருந்தது, பேச்சு குழறியது. வழக்கம்போலக் காலையில் நீர் மாத்திரையைச் சாப்பிட்டிருந்தார். மகள் கொடுத்த தண்ணீர் பாட்டில் அவருடைய கைப்பையில் மூடி திறக்கப்படாமலே இருந்தது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அவர் நினைத்ததே அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

நம் கடற்கரையில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். வயது ஏற ஏறத் தாகம் எடுக்கும் உணர்வும் மங்கிவிடுகிறது. இரத்தத்தில் சர்க்கரை கூடும்போது சிறுநீர் தானாகவே அதிகமாகப் போகும். நீர் மாத்திரை அதற்கு மேலும் நீரை இழுக்கும். ஆகவே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கழிப்பறை சுத்தமாக இருக்கும் உணவகத்திலோ தெரிந்தவர்கள் வீட்டிலோ நிறுத்துவதாகத் திட்டம் போட்டு, அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால்தான் அவர் தயங்காமல் தண்ணீர் குடிப்பார். பயண நாளில் நீர் மாத்திரையை எப்போது சாப்பிடலாம் என்பதை, அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவருக்கு இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்தால், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அந்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

இனி இன்சுலின். பிரிக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பியைப் பொதுவாக 4 வாரம் வரை வெளியில் வைத்திருக்கலாம் என்றாலும், நம் மே மாதத்து வெப்பத்தை அது தாங்காது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதால், முன்பக்க டப்பாவிலோ டிக்கியிலோ இன்சுலினை வைக்காதீர்கள். அகன்ற வாயுள்ள பிளாஸ்க்கின் அடியில் ஐஸ் துண்டுகளைப் போட்டு, மேலே மடித்த துணியை வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய குப்பியை வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டு உறைந்துபோன இன்சுலினை மீண்டும் பயன்படுத்தவே கூடாது. இறங்கும்போது அந்தப் பிளாஸ்க் உங்கள் கையோடு வரட்டும். குளுக்கோமீட்டரும் அதன் பட்டைகளும் அப்படியே.

வீட்டில் இன்சுலினைப் போட்டுவிட்டு, போகிற வழியில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கிளம்புவதுதான் நான் அதிகம் காணும் தவறு. ஓர் உணவகம் மூடியிருந்தால் போதும், சர்க்கரை சரிந்துவிடும். வீட்டில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுகிறவராக இருந்தாலும், வழியில் இலை போட்டு இட்லி கண்ணெதிரே வந்த பிறகு போடுவதே பாதுகாப்பு. கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்தாலோ, சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். வழியில் கிடைக்கும் பதநீர் சர்க்கரை மிகுந்தது. அது அவருக்கு வேண்டாம். இரண்டு மூன்று நுங்கு தரலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 15 ஆண்டுச் சர்க்கரை நோயில் பலருக்குப் பாதத்தின் உணர்வு குறைந்திருக்கும். திருச்செந்தூரிலோ கன்னியாகுமரியிலோ நண்பகல் நேரத்தில் சுடுமணலிலும் கல்தளத்திலும் வெறுங்காலோடு நடந்து, சுடுவதே தெரியாமல் பாதம் கொப்பளித்து வந்தவர்களுக்கு மாதக்கணக்கில் புண் கட்டியிருக்கிறேன். கோயிலுக்குக் காலை வெயில் ஏறுவதற்குள் போய் வாருங்கள். மணலில் செருப்பைக் கழற்ற விடாதீர்கள். இரவில் படுக்கும் முன்பு அவருடைய உள்ளங்கால்களை நீங்களே விளக்கொளியில் பாருங்கள்.

மகனுக்கு வயிறு முட்டக் கொடுக்காமல், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி கொடுங்கள். பின் இருக்கையில், பெல்ட் போட்டு, முன்கண்ணாடி வழியாகத் தொலைவைப் பார்க்கும்படி உட்காரட்டும், கைப்பேசி வேண்டாம். வாந்தி மாத்திரையைக் குழந்தை மருத்துவர் எடைக்கேற்ப எழுதித் தந்தால் மட்டும் கொடுங்கள். தூங்குகிறான் என்று, ஐந்து நிமிடம்தானே என்று, அவனைப் பூட்டிய காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஐந்தாறு, காய்ச்சல் மாத்திரை, எல்லோருடைய வழக்கமான மருந்துகளும் இரண்டு நாளுக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டின் நகல்: இவை போதும். யாராவது உடம்பு கொதித்து, பேச்சு தடுமாறினால், அது வெப்பத் தாக்கமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். காய்ச்சல் மாத்திரை அதற்கு உதவாது. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு உங்கள் மாமியாரை அவருடைய மருத்துவரிடம் அழைத்துச் சென்று, சிறுநீரகப் பரிசோதனையோடு பாதங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பாதத்தில் ஆறாத புண் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.