ஃபிளேவனாய்டும் செல்லின் தற்காப்பும்

கேள்வி: தாவரங்களிலுள்ள ஃபிளேவனாய்டுகள் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் என்கிறார்கள். அவை நம் செல்களில் நேரடியாகச் செயல்படுகின்றனவா, அல்லது நொதிகளின் உற்பத்தியைத் தூண்டுகின்றனவா?

பதில்: சோதனைக்குழாயில் அவை தனி உறுப்புகளை (free radicals; செல்லைச் சேதப்படுத்தும் நிலையற்ற மூலக்கூறுகளை) நேரடியாக முடக்குவது உண்மைதான். ஆனால், உணவின் வழியே இரத்தத்தில் சேரும் அளவு பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலாருக்கும் (மிகக் குறைந்த செறிவுகளை அளக்கும் அலகு) குறைவு என்பதால், உடலுக்குள் அந்த நேரடிச் செயலுக்குப் பெரிய இடமில்லை. நொதிகளைத் தூண்டும் வழியே கூடுதல் கவனத்துக்கு உரியது என்பது என் கருத்து.

செல்லில் என்.ஆர்.எஃப்.2 என்றொரு புரதம் இடைவிடாமல் உருவாகிறது. கீப்1 என்னும் இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதால், அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 20 நிமிடங்களே. குவெர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டு தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து, எளிதில் வினைபுரியும் குயினோன் என்னும் வடிவமாக மாறும்போது, கீப்1-இன் சிஸ்டீன் அமினோ அமிலங்களிலுள்ள கந்தக அணுவோடு பிணைந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. தப்பிய என்.ஆர்.எஃப்.2 உட்கருவுக்குள் சென்று, ஹீம் ஆக்சிஜனேஸ்-1 முதலிய தற்காப்பு நொதிகளுக்கும், செல்லின் சொந்த ஆக்சிஜனேற்ற எதிர்ப்பியான குளுட்டாதயோனைத் தயாரிக்கும் நொதிகளுக்கும் உரிய மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. காப்பாளராக நாம் கருதும் மூலக்கூறு, உண்மையில் சிறியதோர் எச்சரிக்கை மணியாகவே செல்லைத் தட்டி எழுப்புகிறது என்பது எவ்வளவு வியப்புக்குரியது!

ஆயினும், ஆய்வகச் செல்களில் பெரும்பாலும் 10 மைக்ரோமோலாரும் அதற்கு மேலும் இட்டுக் கண்ட விளைவை அப்படியே மனித உடலுக்குப் பொருத்திவிடக் கூடாது. குடலும் கல்லீரலும் இவற்றைப் பெரும்பாலும் குளுகுரோனைடு, சல்பேட் என்னும் வேறு வேதி வடிவங்களாக மாற்றிய பின்னரே இரத்தத்தில் விடுகின்றன. தவிர, சில புற்றுநோய்ச் செல்கள் இதே என்.ஆர்.எஃப்.2-ஐத் தம் பாதுகாப்புக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. எனவே சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செறிவூட்டிய மாத்திரைகளை எடுத்துக்கொள்ள வேண்டாம்.