உப்பு பாக்கெட்டில் தேதி எழுதுங்க

கேள்வி: சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன், வயது 46. போன மாதம் பிரஷர் 148/94. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், 3 மாதம் பழக்கத்தை மாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வீட்டில் இந்துப்புக்கு மாறிவிட்டோம். நாள் முழுக்கத் தறிக்குள்தானே நடக்கிறேன், தனியாக வாக்கிங் வேறு வேண்டுமா?

பதில்: இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதாங்க. நல்லது என்று நம்பித் தாராளமாகப் போட்டால் பிரஷர் எங்கே இறங்கும்? ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன். தினமும் யார் அளந்துகொண்டிருப்பது? அதனால் பாக்கெட் பிரிக்கும் அன்றைக்கே அதன் மேல் பேனாவில் தேதி போட்டுவிடுங்கள். வீட்டில் 4 பெரியவர்கள் என்றால் ஒரு கிலோ 50 நாளாவது வர வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பாக்கெட் 27-ம் நாளே காலி, குழம்பு வைக்கிறவர் மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தால், மோருக்கும் பழைய சோற்றுக்கும் அள்ளிப் போட்டது நான்தான்.

இதில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், சாயங்காலம் பேக்கரியில் டீயோடு உள்ளே போகும் பப்ஸ், காரம் எதுவும் சேரவில்லை. அதையும் குறைத்தால்தான் கணக்கு நேராகும். கீரை, வாழைப்பழம், இளநீரில் பொட்டாசியம் உண்டு, நல்லது. கிட்னி கோளாறு இருக்கிறவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் இவற்றைக் கூட்ட வேண்டாம், பொட்டாசியம் கலந்த ‘சோடியம் குறைந்த உப்பு’ பக்கமும் போக வேண்டாம்.

தறிக்கும் தறிக்கும் நடுவே நாலு எட்டு வைத்து நிற்பதில் கால்தான் வலிக்கும். வாரம் 5 நாள், அரை மணி நேரம், பேச முடிய வேண்டும் ஆனால் பாட முடியக் கூடாது, அந்த வேகத்தில் குளத்தங்கரையில் நடங்கள். தொப்பை இருந்தால் ஒரு கிலோ குறைவதற்கு ஏறக்குறைய ஒரு பாயிண்ட் இறங்கும். பீடி, குடி இருந்தால் அதைப் பற்றி நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

அப்புறம், ஷிப்ட் முடிந்த சூட்டோடு போய்ப் பிரஷர் பார்க்காதீர்கள். டீ குடித்து அரை மணி நேரமாவது ஆகட்டும், ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து, முதுகு சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாருங்கள். 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் மரத்துப்போவது என்று ஏதாவது இருந்தால் 3 மாதக் கெடுவெல்லாம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.