கண் லென்சில் இருக்கும் புரதங்கள் எங்கிருந்து வந்தன?

லென்சுக்கென்றே புதிதாகப் பிறந்தவை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அவை பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த பழைய ஆட்கள்.

வாத்தின் லென்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நிறைந்திருக்கும் எப்சிலான் கிரிஸ்டலின் (லென்சின் முக்கியப் புரதங்களுக்குக் கிரிஸ்டலின் என்று பெயர்), லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியேதான். ஒரே மரபணு, மற்ற இடங்களில் வினையூக்கி, லென்சில் ஒளியை வளைக்கும் பொருள். கோழியின் டெல்டா கிரிஸ்டலினும் ஒரு நொதியிலிருந்து வந்ததுதான். பரிணாமம் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, நம் லென்ஸ்? அதில் ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று வகைக் கிரிஸ்டலின்கள். பீட்டாவும் காமாவும் ஒரே குடும்பம். இறுக்கமாக மடிந்தவை, நெருக்கி அடுக்க வசதியானவை. ஆல்ஃபா, சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்களுக்கு, அதாவது வெப்பம் போன்ற நெருக்கடியில் மற்ற புரதங்களைக் காக்கும் புரதங்களுக்குச் சொந்தம். மடிப்பு அவிழும் புரதங்களைப் பிடித்துவைத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் காக்கும்.

இந்தக் காவல் ஏன் தேவை என்றால், லென்சின் நடுவிலுள்ள செல்களுக்கு உட்கருவே கிடையாது. புதுப் புரதம் செய்ய வழியில்லை. பிறப்பதற்கு முன் உருவான புரதங்களே 60 வயதிலும் அங்கே இருக்கும். ஆல்ஃபாவின் கையிருப்பு தீரத் தீர, கட்டிகள் சேர்ந்து ஒளியைச் சிதறடிக்கும். வயதாகும்போது வரும் கண்புரை பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.