நாகை மாவட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் 1988-ல் பிறந்தவன். பிறப்புச் சான்றிதழில் தஞ்சாவூர் மாவட்டம், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நாகப்பட்டினம் மாவட்டம், புதிய ஆதாரில் மயிலாடுதுறை மாவட்டம் என்று இருக்கிறது. நாங்கள் ஊரைவிட்டு நகரவே இல்லை. எதைத் திருத்துவது?
– வாசகர், சீர்காழி

பதில்: எதையும் திருத்த வேண்டாம். அந்தந்த ஆவணம் எழுதப்பட்ட நாளில் அது சரி. 18.10.1991-ல் தஞ்சாவூரிலிருந்து நாகை பிரிந்தது. 1997 வரை அதற்கு நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்று பெயர். 1.1.1997-ல் திருவாரூர் தனி மாவட்டமானது. வலங்கைமான் மட்டும் தஞ்சாவூரிலிருந்து அதில் போய்ச் சேர்ந்தது. 28.12.2020 முதல் உங்கள் சீர்காழியும் மயிலாடுதுறை, குத்தாலம், தரங்கம்பாடி வட்டங்களும் சேர்ந்து மயிலாடுதுறை மாவட்டம், தமிழகத்தின் 38-வது. இதனால்தான் பழைய புத்தகத்தை வைத்துத் தேர்வுக்குப் படிப்பவர்கள் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையை இன்னமும் நாகை மாவட்டத்தில் எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

சிக்கல் வருவது நில ஆவணங்களில். மாவட்டம் பிரிந்ததால் மட்டும் சர்வே எண் மாறாது. மறு நில அளவை நடந்தால்தான் மாறும். பட்டா, சிட்டா இணையதளத்தில் மாவட்டம் என்ற இடத்தில் நாகப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்தால் சீர்காழி வட்டமே வராது. 'என் பட்டாவைக் காணோம்' என்று பதறுகிறவர்களில் பலர் செய்வது இதைத்தான். மயிலாடுதுறையைத் தேர்ந்தெடுங்கள், வரும். வில்லங்கச் சான்றுக்கு வருவாய் மாவட்டத்தை வைத்துத் தேடாதீர்கள். பதிவு மாவட்டமும் சார்பதிவாளர் எல்லையும் தனி. வட்ட எல்லையோடு ஒட்டிப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. தாத்தா காலத்துப் பத்திரத்தில் 'தஞ்சாவூர் ஜில்லா, மாயூரம் தாலுகா' என்றிருந்தாலும் பத்திரம் செல்லும் (மாயூரம் மயிலாடுதுறை ஆனது 1982-ல்). இப்போது விற்கும்போது சொத்து விவரத்தில் இன்றைய மாவட்டம், வட்டம், கிராமத்தை எழுதி, முந்தைய பெயர்களையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல்தான் பின்னால் வங்கி வழக்கறிஞர் 'தொடர்பு இல்லை' என்று கோப்பைத் திருப்புகிறார்.

கேள்வி: கீழையூரில் இருக்கிறோம். மனு கொடுக்கப் போனால் ஒவ்வொரு அலுவலகமும் அடுத்ததைக் கை காட்டுகிறது. எங்கள் வட்டம்தான் எது?
– வாசகி, கீழையூர்

பதில்: கீழையூர் என்று ஒரு வட்டமே இல்லை, அது ஊராட்சி ஒன்றியம். இன்றைய நாகை மாவட்டத்தில் வட்டங்கள் நான்கு: நாகப்பட்டினம், கீழ்வேளூர், திருக்குவளை, வேதாரண்யம். ஒன்றியங்கள் ஆறு: நாகப்பட்டினம், திருமருகல், கீழ்வேளூர், கீழையூர், தலைஞாயிறு, வேதாரண்யம். திருக்குவளை வட்டம் உண்டு, அந்தப் பெயரில் ஒன்றியம் இல்லை. திருமருகல் நேர் எதிர்: ஒன்றியம் உண்டு, வட்டம் இல்லை.

பட்டா, வாரிசுச் சான்று, சாதிச் சான்று என்றால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்ற வரிசை. பட்டாவில் வட்டாட்சியர் முடிவு பாதகமானால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. தெருவிளக்கு, குடிநீர், வீட்டு வரிக்கு ஊராட்சி, அதற்கு மேல் வட்டார வளர்ச்சி அலுவலர். உங்கள் பட்டாவின் தலைப்பிலேயே வட்டத்தின் பெயர் இருக்கும். மனுவில் அதைப் பார்த்து எழுதுங்கள். திங்கட்கிழமை ஆட்சியரிடம் கொடுத்தாலும் மனு இந்த இடங்களுக்குத்தான் இறங்கி வரும். முன்பு மனுக் கொடுத்த ஒப்புகைச் சீட்டின் நகலை இணைக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கேள்வி: வேதாரண்யம் மணல்மேட்டில் எங்கள் கிணறு பத்து அடியில் நல்ல தண்ணீர் தருகிறது. பக்கத்துத் தோட்டத்தில் 60 அடி ஆழ்துளை போட்டார்கள், உப்பு. ஆழம் போனால் நல்ல நீர்தானே கிடைக்க வேண்டும்?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: கடலோர மணலில் கணக்கு தலைகீழ். மணலில் இறங்கிய மழைநீர் எடை குறைந்தது என்பதால் அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். இதை அப்படியே திருப்பிப் பாருங்கள்: மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியிலிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 அடி ஏறும். ஒரே இடத்தில் பெரிய மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டினால், குழாய்க்கு நேர் கீழே உப்பு கூம்பாக எழும்பிவிடும். பக்கத்துத் தோட்டத்தில் துளை ஆழமாகவும் போய்விட்டது. நன்னீர் முடிந்து உப்புநீர் தொடங்கும் எல்லைக்கு அடியிலேயே குழாயை இறக்கியிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: ஆழமில்லாத இரண்டு மூன்று கிணறுகளை விலக்கி வெட்டுங்கள், சிறிய மோட்டார் போடுங்கள், சிறிது நேரம் ஓட்டி இடைவெளி விடுங்கள். கோடையில் வாரம் ஒருமுறை உப்பளவு பாருங்கள். ஏறத் தொடங்கியதும் நிறுத்தினால் அடுத்த வடகிழக்குப் பருவமழை மீட்டுத்தரும். முல்லைக் கொல்லைக்கு உப்புநீர் பாய்ச்சி 'இந்த ஒரு வாரம்தானே' என்று சமாளிப்பவர்களுக்கு மழை வந்தாலும் செடி திரும்பாது. மேட்டு மணலை அள்ளி விற்பது இன்னும் மோசம். நீரைத் தாங்கி நிற்பதே அந்த மணல்தான்.

கேள்வி: ராஜாஜி உப்பு எடுக்க ஏன் வேதாரண்யத்தைத் தேர்ந்தெடுத்தார்?
– மாணவி, திருச்சி

பதில்: அங்கே சதுப்புத் தரையில் உப்பு தானாகவே படியும், வேதரத்தினம் பிள்ளை போன்ற உள்ளூர்த் தலைவர்களும் இருந்தார்கள். 13.4.1930-ல் திருச்சியில் கிளம்பி 28-ம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள், சுமார் 240 கிலோமீட்டர். 30-ம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியதும் ராஜாஜி கைதானார். நடப்பவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தும் வழியெல்லாம் சோறு கிடைத்தது.

கேள்வி: நாகைத் துறைமுகத்தில் 8-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் 9-ஐவிட ஆபத்து குறைவுதானே?
– வாசகர், அக்கரைப்பேட்டை

பதில்: இல்லை. 1, 2 புயல் தொலைவில் கடலில் இருக்கிறது என்பது. 3, 4 துறைமுகத்துக்கே வானிலை மோசமாகும் என்பது. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். அபாயக் கூண்டுகளில் ஒரே குழுவுக்குள் எண் கூடுவது வேகத்தைச் சொல்வதல்ல, புயல் போகும் பக்கத்தைச் சொல்வது. 5-ம் 8-ம் ஏறினால் துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம். 6-ம் 9-ம் வலப்பக்கம். 7-ம் 10-ம் துறைமுகத்தின் மேலேயோ வெகு அருகிலோ.

கிழக்கிலிருந்து மேற்கே வரும் புயலுக்கு இடப்பக்கம் தெற்கு. ஆகவே நாகையில் 8 என்றால் புயல் நமக்கு வடக்கே கரையேறும், 9 என்றால் தெற்கே. தெற்கே ஏறும் புயலில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும்; கடல் உள்ளே ஏறும் ஆபத்து அதிகம். 2018 நவம்பர் 16-ல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா அப்படி வந்தது. 6 அல்லது 9 ஏறியிருந்தால் படகைக் கட்டிவிட்டோம் என்று கரையோர வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.